கடலட்டையின் வாய் நிறைய மணல்

கலங்கல் வந்துகொண்டிருந்தது. பொதியனைக் காணோம்.

அந்தக் காலத்தில், கடலடியில் கிடந்தவர்களுக்கெல்லாம் பேச்சு இருந்த காலத்தில், இதைவிடப் பெரிய இக்கட்டு கிடையாது. மேற்கே கரைப்பக்கம் தண்ணீர் ஏற்கெனவே சிவந்துவிட்டது. உயரமான பாறையில் ஏறிப் பார்த்த நண்டு கொடுக்கன், இன்னும் அரை நாள்கூடத் தாங்காது என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தான். இறங்குகிற வழியில் பொதியனை, பொதியனைப் பெற்றவர்களை, அவன் படுத்துக் கிடக்கிற மணலை எல்லாம் திட்டினான். திட்டாமல் அவனுக்கு ஒரு சேதியும் சொல்லத் தெரியாது.

பொதியன் ஒரு கடலட்டை. முழ நீளம், மொந்தைத் தடிமன். எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, பல் கிடையாது, அவசரமும் கிடையாது. அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்தால்தான் அன்றைக்கு அத்தனை பேரும் பிழைக்க முடியும்.

அது ஏன் என்று சொல்லிவிடுவது நல்லது.

கரையிலிருந்து கிழக்கே போகப் போகக் கடலின் அடிநிலம் மெல்லச் சரியும். ரொம்ப தூரம் சரிந்து போய், ஓரிடத்தில் சட்டென்று முறிந்து ஆழத்தில் விழும். கரைக்கும் அந்த முறிவுக்கும் நடுவில் இருக்கிற அகலமான இடத்துக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கண்டத்திட்டு என்று பெயர் போட்டிருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் அதை மேடு என்றுதான் சொன்னார்கள். வெயில் வந்து தொடுகிற கடலடி அது ஒன்றுதான். முறிவுக்கு அந்தப் பக்கம் இருட்டு. அங்கே யார் இருந்தார்கள் என்று இவர்கள் கேட்டதில்லை.

மேட்டில் ஒரே ஒரு கஷ்டம். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் ஆறுகளெல்லாம் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கடலில் கொட்டும். அலை அடிவரைக்கும் இறங்கி அதைக் கலக்கும். மூன்று மாதம் மேடு முழுக்கச் சேற்று இருட்டாகக் கிடக்கும். அதுதான் கலங்கல். அந்த மூன்று மாதமும் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் ஒன்றும் ஆகாது. திறந்தால் சேறு உள்ளே போகும், மூச்சு அடைக்கும், அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டு கிடப்பது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். மேட்டுக்காரர்களுக்குப் பெரிய விஷயம்தான். அந்தப் பேச்சை இப்போது நினைத்துப் பார்க்கவே முடியாது. சங்குகள் மணலுக்கடியில் இருந்துகொண்டே மேலே போகிறவர்களை விசாரிக்கும்: யார் வீட்டுக்கு, என்ன சோலி, சாப்பிட்டாச்சா. கடல் முள்ளெலிகள் ஒரு பாறை இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குப் பொய்ச்சேதி அனுப்பும். நட்சத்திர மீனுக்குக் கை ஐந்து. ஐந்தும் ஐந்து பக்கம் போக வேண்டும் என்று அது தன்னோடேயே சண்டை போடும். சாயங்காலம் வெளிச்சம் பச்சையாகி, நீலமாகி, கரைந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மேடு முழுக்க ஒரே இரைச்சலாக இருக்கும். யாரும் யாரையும் சும்மா இரு என்று சொன்னதில்லை. சொன்னாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது.

முன்னே ஒரு கலங்கலில் வடக்குப் பாறையில் பாதிப் பேர் செத்துப் போனார்கள். செத்தவர்கள் எல்லாருமே பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்கப் போய், அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர்கள். கேட்டவர்களும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், பேசாதே என்று சொல்லிப் பிரயோசனமில்லை, குரலையே கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள்.

கழற்றுகிற வேலை சிப்பி வெள்ளச்சியுடையது. ஐப்பசி பிறந்ததும் அவள் வாயைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒவ்வொருவராக வந்து, அந்த வருஷத்துக் கடைசிப் பேச்சை அவள் வாய்க்குள் பேசிவிட்டுப் போக வேண்டும். பேச்சோடு குரலும் போய்விடும். வெள்ளச்சி அதன் மேல் தன் பளபளப்பான எச்சிலைப் பூசுவாள். அதன் மேல் அடுத்தவர் குரல், மறுபடி பூச்சு. இப்படி அத்தனை பேர் குரலும் சேர்ந்து குன்றிமணி அளவுக்கு ஒரு மணியாகும். குரல்மணி என்று பெயர்.

அதைக் காக்கிற வேலை அட்டைகளுக்கு. பல் இல்லாததால் கடித்துவிட மாட்டார்கள். மணலிலேயே கிடந்து பழகினவர்கள், வாயில் கொஞ்சம் சேறு போனாலும் தாங்குவார்கள். வயிறு நீளம். ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கச் சொன்னால் அதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வருஷத்துக்கு ஓர் அட்டை முறை போட்டுக்கொண்டு மணியை விழுங்கிப் பாறைக்கடியில் கிடப்பான். தை மாதம் தண்ணீர் தெளிந்ததும் கக்கிக் கொடுப்பான். வெள்ளச்சி பூச்சைக் கரைத்து அவரவர் குரலை அவரவருக்குத் தருவாள். காவல்காரனின் குரலை மட்டும் கழற்றுவதில்லை. ஊரே வாய் மூடிக் கிடக்கும்போது அவன் யாரோடு பேசப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் முறை பொதியனுக்கு. முதல் தடவை.

எல்லாரும் வெள்ளச்சியிடம் ஊர்ந்தாவது வந்துவிடுவார்கள். வர முடியாதவள் ஒருத்திதான். முறிவோரத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த கடற்பஞ்சு, பேர் பஞ்சி. அவளுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. உடம்பெல்லாம் ஓட்டைதான், அத்தனையும் வாய். அதனால் காவல்காரன் கலங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே, மணிக்கு வித்தாக வெள்ளச்சி தருகிற மணல் துகளை எடுத்துக்கொண்டு முதலில் அவளிடம் போய்க் குரலை வாங்கி வர வேண்டும். பிறகுதான் மற்றவர்கள். அதுதான் முறை.

பொதியன் போகவில்லை. போனான், ஆனால் அந்த வித்து இல்லாமல் போனான். தினமும் போனான். நாளைக்கு வாங்குகிறேன், நாளைக்கு வாங்குகிறேன் என்று வெள்ளச்சிக்குச் சொல்லியனுப்பிச் சொல்லியனுப்பிப் பத்து நாளையும் கடத்திவிட்டான். பஞ்சியின் பேச்சை இன்னும் ஒரு நாள் கேட்க வேண்டும், அதுதான் விஷயம். வேறு காரணம் ஒன்றும் அவனிடம் இல்லை.

பஞ்சிதான் மேட்டிலேயே அதிகம் தெரிந்தவள். ஓர் அடிகூட நகர்ந்ததில்லை, ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துப்புகிறவள் என்பதால் கரையில் நடப்பதெல்லாம் அவளுக்கு ருசியில் தெரியும். எங்கேயோ பனங்கிழங்கு அவித்து உலைத்தண்ணீரை வாய்க்காலில் ஊற்றியிருக்கிறார்கள் என்பாள். உப்பளத்தில் மழை விழுந்து உப்பெல்லாம் கரைந்துவிட்டது, பாவம் என்பாள். ஒரு தடவை, கல்யாண வீடு போலிருக்கிறது, இவ்வளவு மஞ்சள் ஒரே நாளில் ஆற்றில் கரையாது என்றாள். பொதியன் கரையைப் பார்த்ததே இல்லை. பஞ்சி சொல்லச் சொல்ல அவனுக்குக் கரை என்று ஒன்று உண்டானது.

அவளுக்குக் கண் இல்லையா, பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நிறுத்துவாள். "பொதியா, இருக்கியா?" என்பாள். அவன், "இருக்கேன்" என்பான். உடனே விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஒரு நாளைக்கு இருபது தடவை இது நடக்கும். இருபது தடவையும் அவன் பதில் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தான். கொடுக்கன் பக்கவாட்டில் பாய்ந்து வந்து கொடுக்கை அவன் முதுகில் போட்டு இறுக்கினான்.

"ஏல, ஊரு செத்துக்கிட்டு கெடக்கு. நீ இங்க இவகிட்ட ஊர்க்கதை கேட்டுக்கிட்டு கெடக்கியா?"

பொதியன் தலையைத் திருப்பிப் பார்த்தான். மேற்கே ஒன்றும் தெரியவில்லை. சிவப்பாக ஒரு சுவர் மட்டும் தெரிந்தது.

பஞ்சிக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. ஏற்கெனவே வந்து வாங்கியிருக்க வேண்டியதாச்சே, நீ கேட்கவே இல்லையே, நான் அடுத்த மாதம் போலிருக்கிறது என்று நினைத்தேனே என்றாள். மண் ருசி தெரியவில்லையா என்று கொடுக்கன் அவளையும் இரண்டு திட்டுத் திட்டினான். தெரிந்தது, ஆனால் பொதியன் சும்மா இருந்ததால் தன் வாய்தான் கெட்டுவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னாள். பொதியன் முகத்தை மணலில் புதைத்துக்கொண்டான்.

அட்டை நடந்தால் வெள்ளச்சியிடம் போய்ச் சேர அரை நாள் ஆகும். கொடுக்கன் யோசிக்கவே இல்லை. அவனைக் கட்டையை உருட்டுகிற மாதிரி மணலில் உருட்டிக்கொண்டே போனான். உருள உருளப் பொதியனுக்குத் தண்ணீரும் மணலும் மாறி மாறித் தெரிந்தன.

வெள்ளச்சியின் பாறையில் ஏறக்குறைய வேலை முடிந்திருந்தது. இனிக் காத்திருக்க முடியாது என்று அவள் முறையை மாற்றி மற்றவர்கள் குரலை வாங்கத் தொடங்கிவிட்டாள். சங்குகள் பேசி முடித்து மணலுக்குள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டன. நட்சத்திரத்தின் ஐந்தாவது கைக்கு மட்டும் சொல்ல இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. வரிசையில் கடைசியாக ஒரு சின்ன இறால் நின்றான். மூன்று மாதத்துக்குத் தாங்குகிற மாதிரி ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தவன், வாயருகே வந்ததும் அதை மறந்துபோய், "ஒண்ணுமில்ல" என்றான். குரல் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கொடுக்கன் முன்னால் போய்ப் பொதியனைப் பார்த்துக்கொண்டே வெள்ளச்சியின் வாய்க்குள் தன் கடைசிப் பேச்சைப் பேசினான். அதை எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு இன்னும் திட்டினான், ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை.

பொதியனின் பங்காளி கட்டையன், போன வருஷத்துக் காவல்காரன், முன்பே ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். மணியில் கடைசியாக ஒட்டிய குரல் மேலாக இருக்கும், விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டால் அது கேட்கும். "போன தடவை அத்தை முன்னாலயே பேசி முடிச்சிட்டா. எனக்குக் கொடுக்கன் குரல்லா மாட்டிச்சு. வாயில வச்சதும் எங்க அம்மையைப் பத்தி ஆரம்பிச்சான். மடக்குனு முழுங்கிட்டேன்." அப்போது பொதியன் சிரித்தான். இப்போது அது ஞாபகம் வந்ததும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளச்சி மிஞ்சியிருந்தாள். தன் குரலையும் மணியில் சேர்ப்பதற்கு முன்னால் அவள் அவனைக் கிட்டே கூப்பிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. நேரம் இல்லை.

"பஞ்சி குரல்தான் இனி மேல ஒட்டும். அதுக்கு மேல பூச நான் அங்க இருக்க மாட்டேன். பூச்சு இல்லாத குரல், சீக்கிரம் பேசிரும். அதனால அவ பேசி முடிச்ச நிமிஷம் முழுங்கிரு. அவகிட்ட சொல்லிட்டு வரணும்னு நிக்காத. முழுங்கிரு, என்ன?"

"சரி அத்தே."

"சரின்னு பத்து நாளாச் சொல்லிக்கிட்டிருக்க."

அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. அதையே மணிக்குள் விட்டுவிட்டு, ஈரம் காயாத மணியை அவன் வாயோரத்து விரல்களில் வைத்துவிட்டு, ஓட்டை மூடிக்கொண்டாள்.

கொடுக்கன் அவனை மறுபடி உருட்டினான். இந்தத் தடவை சத்தமே இல்லை. பாதி வழியில் சேறு எட்டிப் பிடித்தது. கொடுக்கன் நின்றான், ஒரு கொடுக்கால் முறிவுப்பக்கம் காட்டினான், பிறகு தன் வளைக்கு ஓடினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பொதியன் மிச்சத் தூரத்தை ஊர்ந்தான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு வேகமாக ஊர்ந்ததில்லை.

பஞ்சி ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் திறந்து வைத்துக் காத்திருந்தாள். பொதியன் மணியை விரல்களில் ஏந்தி அந்த வாய்க்கு நேராக நீட்டினான். நீட்டும்போது அவனால் பேச முடியாது. வாயைச் சுற்றி இருக்கிற விரல்களால்தானே மணியைப் பிடித்திருக்கிறான்.

பஞ்சி பேசினாள். அவசரமாகத்தான் பேசினாள். முதல் செம்மண் மலைப்பக்கத்து மண், கூடவே கருகின இலை வாசனை இருக்கிறது, மேலே எங்கேயோ காடு எரிந்து அணைந்திருக்கிறது என்றாள். பத்து நாள் தாமதம் ஆனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தை மாதம் வந்ததும் முதலில் என்ன ருசி வருகிறது என்று சொல்கிறேன், நீயும் யோசித்து வை, யார் சொன்னது சரி என்று பார்ப்போம் என்றாள். பிறகு, "நாங்களாவது எதையும் கேக்காமத் தூங்கிருவோம். நீ மட்டும் முழிச்சுக் கெடக்கணும், இல்ல?" என்றாள்.

அவன் மணியை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினான்.

நடுவில் நிறுத்தினாள். வழக்கம்போல.

"பொதியா, இருக்கியா?"

அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் அந்தக் கேள்வியோடு அவள் குரல் கழன்று மணியில் ஒட்டிக்கொண்டது. அவளுடைய கடைசி வாயும் மூடிக்கொண்டது. அப்புறம் சேறு வந்து எல்லாவற்றையும் மூடியது.

விழுங்க வேண்டிய நேரம் அதுதான்.

பொதியன் மணியை வாய்க்குள் எடுத்தான். உதட்டோரமாக வைத்துக்கொண்டான். சும்மா ஒரு தடவை கேட்டுவிட்டு விழுங்கிவிடலாம் என்று நினைத்தான். பஞ்சியின் குரல் கருகின இலையில் தொடங்கி, காடு, தை மாதம் என்று மெதுவாக வந்தது. கேள்வி வருவதற்கு முன்னால் உள்நாக்குக்குத் தள்ளி அதை நிறுத்தினான். மறுபடி உதட்டுக்குக் கொண்டுவந்தான். மறுபடி கருகின இலை. வயிற்றுக்குள் போய்விட்டால் மூன்று மாதம் ஒன்றும் கேட்காது. வாயில் இருந்தால் இருக்கிறது. சாயங்காலம் விழுங்கலாம். பிறகு, நாளைக்கு விழுங்கலாம். நாளைக்கு என்பது அவனுக்குப் பழகிப்போன சொல்.

ஊரே செத்த மாதிரிக் கிடந்தது. மேல் கீழ் தெரியாத சிவப்பு இருட்டு. பிறந்தது முதல் இரைச்சலில் கிடந்தவன் அவன். சத்தமே இல்லாத மேடு எப்படி இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் கலங்கலில் அவனும் குரலைக் கொடுத்துவிட்டுத் தூங்கினவன்தானே. இப்போது விழித்திருந்தான். தன் உடம்புக்குள் தண்ணீர் போய் வருகிற சத்தம்தான் கேட்டது, அது பயமாக இருந்தது. அதனால் மணியை உதட்டுக்குக் கொண்டுவந்தான். அவனை ரொம்பவும் திட்டத் தோன்றவில்லை. ஆனால் செய்தது செய்ததுதான்.

எத்தனையாவது நாள் என்று தெரியாது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டான். மணி உதட்டோரம் கிடந்தது. நிறுத்த ஆள் இல்லாததால் குரல் கடைசிவரைக்கும் ஓடியது.

"பொதியா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றான்.

ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னவன். யோசித்துச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தான், மணி விழுந்தது.

உடனே விரல்களைப் பரப்பி மணலில் துழாவினான். அடி அலை ஒன்று வந்து மணலைக் குவித்தது, அடுத்தது வந்து அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு போனது. அவனையும் புரட்டிப் போட்டது. எந்த இடத்தில் விழுந்தது என்பதே தெரியாமல் போயிற்று. ஒரு தடவை தூரத்தில் பஞ்சியின் குரல் கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஊர்ந்தான். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அதுவும் கேட்கவில்லை. மிச்ச நாளெல்லாம் இருட்டில் மணலைத் தடவிக்கொண்டே இருந்தான்.

தை பிறந்தது. தண்ணீர் தெளிந்தது. வெயில் பச்சையாக இறங்கி வந்து மணலில் ஆடியது. மேடே வெள்ளச்சியின் பாறையைச் சுற்றிக் கூடிவிட்டது. முதலில் என்ன பேசுவது என்று மூன்று மாதமாக யோசித்து வைத்திருப்பார்கள். வரிசையில் சின்ன இறால் முண்டியடித்து முன்னால் வந்து நின்றான். போன தடவை "ஒண்ணுமில்ல" என்று வீணாக்கினவனாயிற்றே.

பொதியன் வந்தான். எல்லாரும் விலகி வழி விட்டார்கள்.

"அத்தே, மணி எங்கிட்ட இல்ல" என்றான்.

வெள்ளச்சி வாயைத் திறந்தபடி இருந்தாள். விளையாடுகிறான் என்று சிலர் நினைத்தார்கள். கட்டையன் கிட்டே வந்து, கக்கு என்கிற மாதிரி அவன் வயிற்றை அமுக்கினான். தண்ணீர்தான் வந்தது.

பொதியன் சொன்னான். பத்து நாள் கடத்தினது, பஞ்சியின் குரலைக் கேட்க மணியை வாயிலேயே வைத்துக்கொண்டது, பதில் சொல்லப் போய் அதைத் தவறவிட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு நின்றான். மேட்டில் அவ்வளவு பேர் கூடி, ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது அதுவே முதல் தடவை.

கொடுக்கன் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு அவன் முகத்துக்கு நேராக வந்தான். வாயைத் திறந்தான். நுரைதான் வந்தது. மூடித் திறந்தான். மறுபடியும் நுரை.

"திட்டு மாமா" என்றான் பொதியன். "ஒரு தடவை திட்டிரு."

கொடுக்கன் கொடுக்கைத் தாழ்த்தினான். மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து போய்விட்டான். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சங்குகள் மணலுக்குள் இறங்கின. சின்ன இறால் மட்டும் போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் தன் விரலை மடக்கி ஒரு சொடக்குப் போட்டான். டப் என்று ஒரு சத்தம். அது வசவா ஆறுதலா என்று பொதியனுக்குத் தெரியவில்லை. போட்டவனுக்கும் தெரிந்திருக்காது. இருந்தாலும் கையால் ஒரு சத்தமாவது வருகிறதே என்று அவன் திரும்பத் திரும்பப் போட்டான்.

பொதியன் முறிவோரத்துக்குப் போனான். பஞ்சி எல்லா வாயையும் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். என்ன ருசி என்று சொல்லத் தயாராக இருந்திருப்பாள். அவன் அவளிடமும் முழுக்கச் சொன்னான். அவள் குரலைத்தான் தொலைத்தான், அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் அவளைக் கடைசிக்குத் தள்ளினான்.

அவள் கேட்டாளா என்று எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய வாயிலிருந்து ஒரு தண்ணீர்ப் பீச்சு வந்து அவன் முகத்தில் அடித்தது. கோபமா, மூச்சா, சும்மா துப்பினதா என்று புரியவில்லை. அதில் கொஞ்சம் பனைவெல்லத்தின் இனிப்பு இருந்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லிச் சரிபார்க்க ஆள் இல்லை.

"இருக்கேன்" என்றான், யாரும் கேட்காமலேயே. பிறகு அவனும் பேசவில்லை.

அந்த மேடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பச்சை வெளிச்சம் அதே மாதிரி இறங்குகிறது, நீலமாகிறது, கரைகிறது. முத்தெடுக்கக் குதிக்கிறவர்கள் அந்த நேரம் அடியில் இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு பார்ப்பார்கள். எங்கேயோ டப், டப் என்று இறால் போடுகிற சொடக்கு கேட்கும். வேறொன்றும் கேட்காது. அவ்வளவு பெரிய இரைச்சல் இருந்த இடம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வெள்ளச்சி வழி வந்த சிப்பிகள், வாய்க்குள் ஒரு தூசி விழுந்தாலும் யாருடைய குரலோ திரும்பி வந்துவிட்டது என்று எச்சில் பூசிப் பூசி உருட்டுகின்றன. அதை முத்து என்று மனுஷர்கள் எடுத்துக் காதில் மாட்டிக்கொள்கிறார்கள். காதிலேயே மாட்டியும் ஒன்றும் கேட்பதில்லை, உள்ளே தூசிதானே.

பொதியன் பஞ்சியின் பாறையடியில் இருந்தே தொடங்கினான். தடவிப் பார்த்தால் தப்பிவிடும் என்று, விரல்களால் மணலை அள்ளி வாயில் போட்டு, வயிற்றின் முழு நீளத்துக்கும் ஓட்டிச் சலித்து, மணி இல்லை என்று நிச்சயமானதும் பின்பக்கமாக வெளியே விட்டான். பிறகு அடுத்த வாய். யாராவது கையில் தூக்கினால் மணி எங்கே என்று கேட்கத்தான் தூக்குகிறார்கள் என்று நினைத்து, குடலையெல்லாம் வெளியே தள்ளிக் காட்டினான், நீயே பார்த்துக்கொள் என்று. விட்டுவிட்டால் புதுக் குடல் வளர்த்துக்கொண்டு மறுபடி மணலுக்குத் திரும்பினான். அவனுடைய குரல் அவனிடம்தான் இருந்தது. வாயில் இடம் இல்லாததால் பேசவில்லை.

அந்தத் தை மாதத்திலிருந்துதான் கடலட்டைகள் இரவு பகல் பார்க்காமல் கடலடி மணலை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. யாரும் விழுங்கச் சொல்லவில்லை. அவனை விழுங்கச் சொன்னது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மணியை. அதை அவன் விழுங்கவில்லை.